அந்த ஆச்சியின் கையைப் பற்றிச் சொல்லுங்கள்

கேள்வி:

மதிப்புக்குரிய அம்மா, நான் கிளிநொச்சி மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சைவக் குடும்பத்தில் பிறந்தவள். 2009 மார்ச்சில், இறுதிப் போரின்போது, முல்லைத்தீவுக் கரையோர மாத்தளனில் இருந்தபோது எனக்கு 17 வயது. ஒரு நாள் பின்னேரம் செல்லடிக்குள் அம்மாவையும் அண்ணனையும் தவறவிட்டு, முன்பின் தெரியாதவர்களின் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) போய் விழுந்தேன். அங்கே இருந்த ஓர் ஆச்சி விடியும்வரை என் தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். விடிந்ததும் தண்ணீர் எடுக்கப் போனார்; திரும்பி வரவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அம்மாவை இரண்டு நாளில் கண்டுபிடித்தேன். அண்ணனை இன்றுவரை காணவில்லை. பிறகு செட்டிகுளம் முகாமில் ஒரு கூடாரத்தில் ‘எங்கள் பிதாவே’ என்று ஜெபிப்பதைக் கேட்டேன். ஆச்சி முணுமுணுத்தது அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இயேசுவை நம்புகிறேன். 2013இல் ஞானஸ்நானம் எடுத்தேன்.

சபையின் ஆண்டு நன்றி ஆராதனையில் சாட்சி சொல்லும்படி, அதாவது ஆண்டவரை நம்பிய அனுபவத்தை எல்லோர் முன்னும் சொல்லும்படி, போதகர் மூன்று முறை கேட்டுவிட்டார். ஒரு முறை காய்ச்சல் என்று பொய் சொன்னேன். நினைத்தாலே வாய் உலர்ந்து கை நடுங்குகிறது. அம்மா இன்னும் சைவம். அண்ணனுக்காகத் தினமும் விளக்கேற்றுகிறார். ஊரில் என்னைத் ‘தறப்பாளுக்கும் பருப்புக்கும் மாறினவள்’ என்று சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பிள்ளைகளையும் அதே மாத்தளனில் இழந்தவர். இடைக்கிடை எங்கள் சபைக்கு வந்து பின்வரிசையில் இருப்பார். அவர் முன்னால் ‘ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார்’ என்று எந்த வாயால் சொல்வேன்? ஆனால் ‘என்னைக் குறித்து வெட்கப்படுகிறவன் எவனோ, அவனைக் குறித்து மனுஷகுமாரனும் வெட்கப்படுவார்’ என்ற இயேசுவின் வசனம் என்னைத் தூங்கவிடுவதில்லை. எனக்குத் தைரியம் வர வழி சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்களைத் தூங்கவிடாத வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். அதை இயேசு சொன்னபோது முன்னால் நின்று கேட்டவர்களில் பேதுருவும் ஒருவர். கேட்ட அதே பேதுரு, ஒரு குளிர் இரவில் கரிநெருப்பருகே நின்று, ஒரு வேலைக்காரச் சிறுமி கேட்ட கேள்விக்கே பயந்து ‘அவரை எனக்குத் தெரியாது’ என்றார். மூன்று முறை சொன்னார். யோவான் எழுதிய சுவிசேஷத்தில் கரிநெருப்பு என்ற சொல் இன்னும் ஓர் இடத்தில் மட்டும் வருகிறது. விடியற்காலை, கடற்கரை, இரவெல்லாம் வலை போட்டுக் களைத்து வந்தவர்கள்; கரையிலே கரிநெருப்பு, அதன்மேல் மீன். முல்லைத்தீவுக் கரையில் வாடிக்குப் பக்கத்தில் விடியலில் நின்றிருந்தால் உங்களுக்கு அந்த மணம் தெரியும். இயேசு பேதுருவுக்கு முதலில் சாப்பாடு கொடுத்தார். பிறகுதான் கதைத்தார். ‘ஏன் மறுதலித்தாய்’ என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீங்கள் காய்ச்சல் என்று சொன்ன ஒரு பொய்க்காக அவர் உங்களைத் தள்ளிவிட்டார் என்று இனி நினைக்காதீர்கள். அந்த வசனத்தை எடுத்து உங்களை அடித்தவர் யாராக இருந்தாலும், அவர் அந்தக் கடற்கரைவரை வாசித்துப் பார்க்கட்டும்.

அடுத்து, நீங்கள் பயம் என்று எழுதியிருப்பதை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். வாய் உலர்வதும் கை நடுங்குவதும் ஒன்று. அதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். மற்றது, பின்வரிசையில் இருக்கும் அக்காவை நினைத்து உங்கள் நாக்கு எழாமல் நிற்பது. அதைப் பயம் என்று சொல்லாதீர்கள். அது அயலவர் மேல் உள்ள அன்பு. அதை அடக்கிவிட்டுப் பேசினால்தான் தைரியம் என்று யாராவது சொன்னால், அந்தத் தைரியம் உங்களுக்கு வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2011இல், மீள்குடியேறிய ஒரு கிராமத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சிறிய சபையில் என்னைச் சாட்சி சொல்லக் கேட்டார்கள். நானும் எழுந்து நின்று, ‘இத்தனை செல்லுக்குள்ளும் ஆண்டவர் எங்கள் வீட்டார் ஐந்து பேரையும் ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே கொண்டுவந்தார்’ என்றேன். சபை கை தட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அம்மா மெல்ல எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனார். ஆராதனை முடிந்து நான் வந்தபோது கிணற்றடியில் நின்றார். கால் கழுவிக்கொண்டே, என்னைப் பாராமல், ‘அவருக்கு என் வீட்டுக்கு வழி தெரியாமல் போய்விட்டதோ, பிள்ளை?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் என் வீட்டார் ஐந்து பேரை எண்ணிக் காட்டியபோது, அவர் வீட்டில் இல்லாதவர்களையும் சேர்த்து எண்ணிவிட்டேன். அவருடைய அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் சுமக்கிறேன். உங்களுக்கு இதை எழுதுவதும் அதனால்தான்.

வன்னியில் சாட்சி என்ற சொல்லே மிகவும் களைத்துப்போன சொல், தங்கச்சி. வேறு இடங்களில் அது சபைக்குள் மட்டும் கேட்கும் சொல்லாக இருக்கலாம். இங்கே 2010 செப்ரெம்பரில் அரசு நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தபோது தாய்மார் வரிசையில் நின்று சாட்சி சொன்னார்கள். 2014 ஜனவரியில் காணாமற்போனோர் பற்றிய இன்னோர் ஆணைக்குழு வந்தது. மறுபடியும் அதே கதை, அதே புகைப்படம், இன்னொரு படிவம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் அவர்கள் போராட்டத்துக்கு உட்கார்ந்ததே, சொல்லிச் சொல்லியும் பதில் கிடைக்காததால்தான். இப்படிப்பட்ட ஊரில் ‘சகோதரி சாட்சி சொல்ல வருகிறார்’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால், கேட்பவர்களின் வயிற்றில் என்னென்ன கிளறும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கை நடுங்குவதில் இதற்கும் பங்கு இருக்கும்.

அந்த வருடங்களில் கிறிஸ்தவன் ஒருவன் எப்படிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. 2011 ஜனவரியில் அந்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் பிரசங்கம் செய்யவில்லை. வன்னியில் இருந்தவர்களின் தொகை பற்றிக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்த கணக்கையும், வெளியே வந்து சேர்ந்தவர்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துக் காட்டி, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைக் கேள்வியாகவே விட்டார். அரசியல் விவாதத்துக்குள் உங்களை இழுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கண்டதை மட்டும் சொல்லும் அந்த ஒழுக்கம் உங்களுக்கும் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கண்டது என்ன? உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். ‘ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார்’ என்பது நீங்கள் சொல்ல வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்க்கும் வரி. உங்கள் சொந்த அனுபவம் அதைவிட நுணுக்கமானது. ஓர் இருட்டு, ஒரு மண் குழி, உங்களைப் பெறாத ஒரு கிழவியின் உள்ளங்கை, புரியாத ஒரு முணுமுணுப்பு. மாதங்கள் கழித்து ஒரு கூடாரத்துக்குள் அதே ஒலி காதில் விழுந்தபோது, அந்த இரவு தனியே கிடக்கவில்லை என்று தெரிந்துகொண்டது. இவ்வளவுதான் உங்கள் கதை. இதில் யாருடைய பிள்ளையையும் நீங்கள் பறிக்கவில்லை. செல் ஏன் இந்தப் பங்கரில் விழாமல் அந்தப் பங்கரில் விழுந்தது என்று விளக்கவும் இல்லை. ‘காப்பாற்றினார்’ என்று சொன்னால் ‘ஏன் என் பிள்ளையை இல்லை’ என்ற கேள்வி கூடவே எழும். ‘யாரோ ஒருவர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார், அந்தக் கையை நான் ஆண்டவரின் கையாக நம்புகிறேன்’ என்று சொன்னால், பின்வரிசை அக்காவும் அந்த ஆச்சிக்காக அழலாம். ஏனென்றால் ஆச்சியும் திரும்பி வரவில்லை.

‘முன்பு இருளில் இருந்தேன், பிறகு ஆண்டவரைக் கண்டேன், இப்போது எல்லாம் ஆசீர்வாதம்’ என்ற அச்சில் பல சாட்சிகளைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் கதையை அந்த அச்சில் ஊற்றாதீர்கள். உங்களுக்கு இப்போதும் எல்லாம் சரியாகிவிடவில்லை, அண்ணனைக் காணவில்லை. அதையும் உள்ளபடி சொல்லலாம். ‘எதுவரைக்கும்’ என்று கடவுளைக் கேட்கும் சங்கீதங்கள் வேதத்துக்குள்ளேயே இருக்கின்றன. 88ஆம் சங்கீதம் இருளோடுதான் முடிகிறது. யாரும் அதன் வாலில் ஒரு நல்ல முடிவை ஒட்டவில்லை.

கேள்வி கேட்பார்கள் என்று பயப்படுகிறீர்கள் அல்லவா? யோவான் 9இல் வரும் பிறவிக்குருடனை நினைத்துக்கொள்ளுங்கள். படித்தவர்கள் சுற்றி நின்று குறுக்கு விசாரணை செய்கிறார்கள். அவன் பல கேள்விக்கு ‘தெரியாது’ என்கிறான். குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், இந்த ஒன்றுதான் தெரியும் என்கிறான். ‘உன் அண்ணனை ஏன் ஆண்டவர் காட்டவில்லை’ என்று யாராவது கேட்டால் நீங்களும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லுங்கள். அதற்குப் பின்னால் ஒரு ‘ஆனால்’ போடாமல் நிறுத்துங்கள். அந்த இடத்தில் நிறுத்தத்தான் நிறையத் தைரியம் வேண்டும்.

இனி அம்மா. என் எண்ணப்படி நீங்கள் சபைக்கு முன் சொல்வதற்கு முதல் அம்மாவிடம் சொல்ல வேண்டும். கல்லறைகளுக்கு நடுவே கத்திக்கொண்டு, கல்லால் தன்னையே கீறிக்கொண்டு திரிந்த ஒரு மனிதனை இயேசு குணமாக்கினார். அவன் படகில் ஏறி அவரோடு வரக் கேட்டபோது அவர் விடவில்லை. ‘உன் வீட்டுக்குப் போய் உன் இனத்தாரிடம் சொல்’ என்று அனுப்பினார். இத்தனை வருடத்தில் அந்தப் பங்கர் இரவைப் பற்றி நீங்கள் அம்மாவிடம் கதைத்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. ‘அந்த ராத்திரி நீ எங்கே படுத்தாய்’ என்று கேட்க அவருக்கும் பயமாக இருந்திருக்கும். ஒலிபெருக்கி வழியாக, மூன்றாம் ஆள் சொல்லி, அவர் அதைக் கேட்கக் கூடாது.

எப்படிச் சொல்வது? எதிரெதிரே உட்கார்ந்து ‘அம்மா, உங்களோடு ஒரு விஷயம் கதைக்க வேண்டும்’ என்று தொடங்காதீர்கள். ஒரு பின்னேரம் சுளகில் முருங்கையிலையைப் போட்டு இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து உருவுங்கள். கை வேலை செய்யும்போது கண் கீழே இருக்கும். கண் கீழே இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். இத்தனை வருடப் பணியில் நான் கண்டது இது. முதலில் அவருடைய இரண்டு நாளைக் கேளுங்கள்: ‘என்னைக் காணாத அந்த இரண்டு நாளும் என்ன செய்தீர்கள், அம்மா?’ அவர் எந்தச் சாமியைக் கூப்பிட்டார் என்று சொல்லட்டும். வற்றாப்பளை அம்மனைக் கூப்பிட்டிருந்தால் அதையும் மரியாதையோடு கேளுங்கள். பிறகு ஆச்சியைப் பற்றிச் சொல்லுங்கள். தன் பிள்ளையின் தலையில் யாரோ ஒருத்தி கை வைத்துக் காத்திருந்தாள் என்ற செய்தியை எந்தத் தாயும் சைவமா கிறிஸ்தவமா என்று பார்த்துக் கேட்கமாட்டாள்.

அண்ணனைப் பற்றி ஒரு சின்ன விஷயம், ஆனால் பெரிய விஷயம். அம்மா அவரைப் பற்றி எந்தக் காலத்தில் பேசுகிறார் என்று கவனியுங்கள். ‘அவனுக்குக் கணவாய்க் கறி பிடிக்கும்’ என்பாரா, ‘பிடித்திருந்தது’ என்பாரா? வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இலக்கணமே நிகழ்காலத்தில்தான் நிற்கிறது. நீங்கள் சபையில் ‘எனக்கு ஓர் அண்ணன் இருந்தார்’ என்று சொன்னால், அந்த ஒரு சொல்லில் அம்மாவின் விளக்கை ஊதி அணைத்ததாக ஆகிவிடும். அம்மாவின் காலத்திலேயே சொல்லுங்கள்: ‘என் அண்ணனை இன்னும் தேடுகிறோம்.’ அவர் எங்கே இருந்தார், யாரோடு இருந்தார் என்ற விவரம் எதுவும் சபையில் வேண்டாம். அது அவருடைய கதை. அதைச் சொல்லும் உரிமை அவரிடமே இருக்கட்டும்.

ஊர்ப் பேச்சுக்கு நான் அதிகம் இடம் கொடுக்க விரும்பவில்லை. மதத்தை விரும்பி மேற்கொள்ளும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை உங்களுக்குத் தருகிறது. யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. இந்தச் சமயம் உலர் உணவுப் பொதியோடு வந்தது என்று சொல்பவர்களுக்கு மடு மாதா கோயில் தெரியாதா? டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒடுக்கிய 17ஆம் நூற்றாண்டில் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர்களின் இடம் அது. 2008 ஏப்ரலில் அதே சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்கு ஓடினார்கள். எத்தனை சைவத் தாய்மார் அங்கே நேர்த்திக்கடன் வைக்கிறார்கள்!

ஆனால் ஊர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். போருக்குப் பிறகு சிலர் பொதியையும் ஜெபத்தையும் ஒரே கையால் நீட்டினார்கள். வாங்கியவர்களுக்கு அந்தக் கூச்சம் இன்னும் ஆறவில்லை. அதனால் உங்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: முன்பள்ளியில் இந்தக் கதை வேண்டாம். பிள்ளைகளிடமும் வேண்டாம், பிள்ளையை உங்களை நம்பி விட்டுப்போகும் தாய்மாரிடம் அந்த வாசலில் வைத்தும் வேண்டாம். உங்களிடம் ஏதாவது பெற வேண்டிய நிலையில் இருப்பவர் ‘போதும்’ என்று எழுந்து போக முடியாது. எழுந்து போக முடிகிறவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

உடம்புக்கு வருகிறேன். நடுக்கம் விசுவாசக் குறைவு அல்ல. அந்தப் பங்கரில் உங்களை உயிரோடு வைத்திருந்த அதே எச்சரிக்கை, ஆபத்துப் போன பிறகும் காவலுக்கு நிற்கிறது. அதை அதட்டாமல் பழக்க வேண்டும். கதையை ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். முதலில் தனியே சத்தமாக வாசியுங்கள். பிறகு நீங்கள் நம்பும் ஒரே ஒருவருக்கு. எந்த வரியில் தொண்டை அடைக்கிறதோ அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்த வரி வரும்போது இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி, உள்ளே இழுத்த மூச்சைவிட நீளமாக வெளியே விட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். சபை காத்திருக்கும். செல்லடியை விவரிக்க வேண்டாம், இரத்தத்தை விவரிக்க வேண்டாம். கேட்பவர்களில் பாதிப்பேர் அதே கடற்கரையிலிருந்து வந்தவர்கள். பங்கருக்குள் விழுந்த இடத்திலிருந்து தொடங்கி, கூடாரத்தில் ஜெபம் கேட்ட இடத்தில் முடியுங்கள். ஆராதனை மே மாதத்தில் என்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். போர் முடிந்த அந்த மாதம் இங்கே எல்லோருடைய உடம்பிலும் ஏற்கெனவே பாரம் இருக்கும்.

எழுதத் தொடங்கிய பிறகு கெட்ட கனவும் தூக்கமின்மையும் கூடி, கிழமைக்கணக்கில் விடாமல் இருந்தால் எழுதுவதை நிறுத்துங்கள். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். சாட்சி பிறகு சொல்லலாம். ஒருபோதும் சொல்லாமலே விட்டாலும் ஆச்சியின் ஜெபம் வீணாகாது.

போதகரிடம் நேரில் போய் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். பத்து நிமிடம்தான் பேசுவேன். யாரும் படம் பிடித்து முகநூலில் போடக் கூடாது. நான் முடித்த கையோடு ‘வேறு யார் ஆண்டவரிடம் வருகிறீர்கள்’ என்று அழைப்புக் கொடுக்க வேண்டாம். ஒரு பாட்டுப் பாடிவிட்டு அமைதியாக இருப்போம். இடையில் முடியாமல் போனால் நான் உட்கார்ந்துவிடுவேன், யாரும் வற்புறுத்தக் கூடாது. நல்ல மேய்ப்பராக இருந்தால் இதற்கெல்லாம் ‘சரி மகள்’ என்பார். மறுத்தால், அந்த மேடை உங்களுக்கு ஏற்றதல்ல. ஒரு வீட்டு ஜெபத்தில் நான்கைந்து பேருக்குச் சொல்லுங்கள், அதுவும் சாட்சிதான்.

கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்கா. ஆராதனைக்கு ஒரு கிழமைக்கு முன்னால், வேலிக்கு மேலால் சொல்லாமல், அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சொல்லுங்கள்: ‘அக்கா, வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் மாத்தளனைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கப்போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் திடீரென்று காதில் விழக் கூடாது என்று வந்தேன்.’ என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டால் அந்த ஒரு பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘இந்த வரி வேண்டாம்’ என்றால் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் பெயரை அவராகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள்; உங்கள் கதையை அவருடைய கதைக்கு மேல் வைக்காதீர்கள். வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்கவே வேண்டாம். வருவேன் என்றால், அன்று காலை கொஞ்சம் முன்னதாகவே போய், கதவுப் பக்கம் அவருக்கு ஒரு கதிரை போட்டு வையுங்கள்.